விடுதிப் பள்ளியைப் பார்க்கப் போகும் முன்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அரசுப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் 8-ஆம் வகுப்புப் படிக்கிறேன். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் 9-ஆம் வகுப்பில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவோ ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளியைச் சொல்கிறார். அடுத்த மாதம் இரண்டையும் நேரில் பார்க்கப் போகிறோம். அங்கே எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது?
– 13 வயது மாணவன், காங்கேயம்

பதில்: தம்பி, உடுமலைக்குப் பேருந்து ஏறும் முன்பே நீ தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சைனிக் பள்ளிகளுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வை 6-ஆம் வகுப்புக்கு எழுதுகிறவர்கள் தமிழிலேயே எழுதலாம். 9-ஆம் வகுப்புக்கு வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், மொத்தம் 400 மதிப்பெண். அதில் சரிபாதி, அதாவது 200, கணக்குக்கு உரியது. ஆங்கிலம், நுண்ணறிவு, பொது அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்குக்கும் தலா 50. உனக்குக் கணக்கு வராமல் போய்விடுமோ என்று நான் கவலைப்படவில்லை; வட்டத்தின் நாண் என்று நீ படித்தது கார்ட் (chord) என்ற பெயரில் எதிரே வந்து நிற்கும்போது தடுமாறிவிடுவாயோ என்றுதான் நினைக்கிறேன். உன் கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பை இன்றே வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படி. பாடம் ஒன்றே என்பதால் பெயர்கள் சில வாரங்களில் பழகிவிடும்.

சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று உனக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும், 15 ஆகியிருக்கக் கூடாது. 67 விழுக்காட்டு இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்றாலும், 9-ஆம் வகுப்பில் காலியாகும் இடங்கள் 6-ஆம் வகுப்பைவிடக் குறைவு. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. அப்பாவுக்கும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடு: அங்கே படிப்பு இலவசம் இல்லை, ஆனால் வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, 1962-இல் அந்தப் பள்ளி தொடங்கப்பட்டதே தேசியப் பாதுகாப்பு அகாதமிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தத்தான் என்றாலும், அங்கே படித்தவர்கள் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனி நேரில் பார்ப்பது பற்றி. எந்தப் பள்ளியானாலும் ஆண்டு விழா நாளில் போகாதீர்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போங்கள். நான் படித்த விடுதிப் பள்ளியை நானும் என் அப்பாவும் பார்க்கப் போனபோது, அலுவலகத்தில் காபியும் பிஸ்கட்டும் கொடுத்து, புதிய ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். குளியலறைப் பக்கம் நாங்கள் போகவும் இல்லை, அவர்கள் கூட்டிப் போகவும் இல்லை. சேர்ந்த பிறகுதான், எங்கள் கட்டடத்தில் இருந்த பத்துப் பதினோரு குழாய்களில் நான்கில் மட்டுமே தண்ணீர் வரும் என்பது தெரிந்தது. இரவு படுக்கும் முன்பே பெயர் எழுதிய வாளியைக் குழாயடியில் வரிசையில் வைத்துவிட வேண்டும். காலை நாலரைக்கு எழுந்து பார்த்தால் அந்த வாளியை எவனாவது பின்னுக்குத் தள்ளியிருப்பான். ஆய்வகத்துக்குள் அந்த ஆண்டு முழுவதும் எத்தனை முறை போனேன் என்பதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே, குழாயடி, சாப்பாட்டுக் கூடம், இரவுப் படிப்பு நடக்கும் இடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

அடுத்தது, உன்னைவிட ஒரு வகுப்பு மேலே படிக்கும் பையன் ஒருவனிடம், விடுதிக் காப்பாளர் அருகில் இல்லாதபோது பேச வேண்டும். "சாப்பாடு நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்பான், அவ்வளவுதான். "நேத்து ராத்திரி என்ன போட்டாங்க?" என்று கேள், காய்ச்சல் வந்தால் எங்கே படுக்க வைப்பார்கள், வீட்டுக்கு எந்தக் கிழமையில் பேச விடுவார்கள், போன வருஷம் பாதியில் வீட்டுக்குப் போனவன் யாராவது உண்டா, ஏன் போனான் என்றும் கேள். அறிவிப்புப் பலகையில் நேர அட்டவணை ஒட்டியிருந்தால் விளையாட்டு என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது என்று தேடு. நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை; வீட்டில் முதல் பட்டதாரியாகத் தலையெடுத்த பலர் அங்கிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் விடியற்காலை முதல் இரவு பத்து வரை படிப்பு என்று மட்டுமே எழுதப்பட்ட அட்டவணைக்குள் உன்னால் நான்கு ஆண்டுகள் இருக்க முடியுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து அப்பாக்கள் அலுவலக மேசைக்கு முன்னால் அமர்ந்ததும், "பையன் நல்லாப் படிப்பானுங்க, நீங்க பாத்துச் சேத்துக்கோணும்" என்று தொடங்கிவிடுவார்கள். பையன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேருந்திலேயே அப்பாவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள். அந்தப் பத்து நிமிடம் நீ பேசு.

கேள்வி: என் மகள் 1-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். மருத்துவம் படிக்க விரும்புகிறாள். திருச்செங்கோடு பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் பாதிக் கட்டணத்தில் +1 சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். போய்ப் பார்த்தோம், கட்டடங்கள் அருமையாக இருக்கின்றன. சேர்க்கலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்துங்க அம்மா. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்தது. நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை; ஆனால் அதன் பிறகு உங்கள் மகள் நிற்கப்போகும் வரிசை வேறு. ஏழு ஆண்டுகளில் ஐந்தை முடித்துவிட்ட பிள்ளை, மீதி இரண்டை வெளியே படித்தால் அந்த வரிசையை விட்டே விலகிவிடுவாள். பாதிக் கட்டணம் தருகிறோம் என்றவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னார்களா?

விடுதிச் சூழல்தான் அவளுக்குத் தேவை என்றால், அரசே மாவட்டங்களில் விடுதியோடு நடத்தும் மாதிரிப் பள்ளிகளைப் பற்றி அவளுடைய தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். அங்கே படித்தால் அரசுப் பள்ளி மாணவி என்ற தகுதி போகாது. அதையும் மீறித் தனியாரிடம்தான் என்றால், எதில் பாதி என்று கேளுங்கள். கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நீட் பயிற்சி, புத்தகம், சலவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகையும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். இன்னொன்று, கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு மகள் என்ன சொன்னாள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

கேள்வி: நீலகிரியில் ஒரு பள்ளியில் 8-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு நேர்காணல் இருக்கிறது. 'உங்கள் பள்ளியின் பாரம்பரியம் என்னைக் கவர்ந்தது' என்று தொடங்கி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறது பயிற்சி மையம். சரியா? எங்கள் வீட்டில் மஞ்சள் விவசாயம்.
– 12 வயது மாணவன், ஈரோடு

பதில்: நீலகிரியின் லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது. அத்தனை பழைய பள்ளிகளுக்கு அவற்றின் பாரம்பரியத்தை நீ எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனப்பாடப் பத்தி முடிந்ததும் அடுத்த கேள்வி வரும், அதற்கு உன்னிடம் தாள் இருக்காது. வெட்டியெடுத்த மஞ்சளை உங்கள் வீட்டில் எப்படி வேகவைக்கிறீர்கள், களத்தில் எத்தனை நாள் காயப் போடுகிறீர்கள், டிரம்மில் போட்டு உருட்டினால் மேல்தோல் எப்படிப் போகிறது என்று சொல். உன் ஆங்கிலம் நடுவில் தடுக்கினாலும் பரவாயில்லை. அதிலிருந்து எத்தனை கேள்வி கேட்டாலும் உனக்கு விடை தெரியும். மையம் எழுதித் தந்த தாளை அப்பாவிடமே கொடுத்துவிடு, பணம் கட்டியவர் அவர்தானே.