ஆர்க்கிடெக்சர் படிக்கும் மகளுக்கு நாற்காலி மேல் ஆசை வந்தால்

வணக்கம்மா. மகள் பி.ஆர்க் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது இத்தாலியின் மிலானுக்குப் போய் ஃபர்னிச்சர் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறாள், கட்டிய ஃபீஸ் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. ஆனால் படிப்பை நடுவில் நிறுத்த விடாதீர்கள்.

ஜியோ போன்டி என்று ஒரு இத்தாலியர். 1921-ல் மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை முடித்தவர். மிலானில் 127 மீட்டர் உயர பிரெல்லி கோபுரத்தை வடிவமைத்த அதே மனிதர்தான் பீங்கான் பாத்திரம், காபி மெஷின், வாஷ்பேசின் எல்லாம் வரைந்தார். 1928-ல் டோமுஸ் என்ற கட்டடக்கலை, டிசைன் பத்திரிகையையும் தொடங்கினார். அந்தத் தலைமுறையில் அங்கே டிசைனுக்கென்று தனிப் பட்டப்படிப்பே கிடையாது, இத்தாலிய ஃபர்னிச்சருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடக்கலை படித்தவர்கள்தான்.

அவருடைய சூப்பர்லெஜெரா நாற்காலியை மகளை ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கியாவரி ஊர்த் தச்சர்கள் காலங்காலமாகச் செய்துவந்த மெல்லிய நாற்காலியை எடுத்துக்கொண்டு, காசினா ஃபர்னிச்சர் கம்பெனியின் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் மரத்தைக் குறைத்துக்கொண்டே போய், 1957-ல் வெறும் 1.7 கிலோவில் கொண்டுவந்தார். கால்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம், 18 மில்லிமீட்டர்தான். எங்கே பாரம் இறங்குகிறது, எங்கே மரம் தேவையில்லை என்று கணக்குப் போடத் தெரிந்தவரால்தான் அவ்வளவு குறைக்க முடியும், உங்கள் மகளுக்கு ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் சொல்லித் தருவதும் அதைத்தானேம்மா?

விளக்குகள் வடிவமைத்த இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்களும் ஆர்க்கிடெக்ட்கள்தான். 1962-ல் வந்த அவர்களுடைய ஆர்கோ என்ற, தரையில் நின்று வில்போல் வளையும் விளக்கின் பளிங்கு அடிக்கல் சுமார் 65 கிலோ. அதில் ஒரு துளை இருக்கும், துடைப்பக் கம்பைச் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்காக. வீட்டில் அதை யார் நகர்த்துவார்கள் என்பது வரை யோசித்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பி.ஆர்க்கை முடிக்கட்டும். லீவில் பக்கத்துத் தச்சுப் பட்டறைக்கு அனுப்புங்கள், கம்ப்யூட்டரில் வரைந்த நாற்காலிக்கும் உட்கார்ந்தால் ஆடாத நாற்காலிக்கும் உள்ள தூரம் அங்கேதான் புரியும். தானே செய்த இரண்டு மூன்று பொருள்கள் போர்ட்ஃபோலியோவில் இருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.டெஸ், அதாவது டிசைன் முதுகலை, படிக்க விண்ணப்பிக்கலாம். கடன் வாங்கி மிலானுக்கு அனுப்பும் பேச்சை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.