மானியமும் விவசாய வளர்ச்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உர மானியம், இலவச மின்சாரம், ஆதார விலை என்று அரசு எவ்வளவோ செய்கிறது. இருந்தும் விவசாயம் வளர்ந்தபாடில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சந்தையிடமே விட்டுவிட்டால் என்ன?

ஒரு வாசகர், திருவாரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயிகள் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, மழைக்குப் பயந்துகொண்டு நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயப்போட வேண்டும். இவ்வளவு பட்டும் அடுத்த பட்டத்துக்கும் நெல்தான் நடுகிறார்கள். அறிவித்த விலைக்கு எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது, அதுதான் காரணம்.

அதே வயலில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்து தெளிக்கிறார்கள். உளுந்துக்கும் ஆதார விலை உண்டு. மத்திய அரசு 20க்கும் மேற்பட்ட பயிர்களுக்கு விலை அறிவிக்கிறது; பெரிய அளவில் வாங்குவது என்னவோ நெல்லையும் கோதுமையையும்தான். போதாக்குறைக்கு 2021 முதல் உளுந்து இறக்குமதிக்குத் தாராள அனுமதி. பெரும்பகுதி மியான்மரிலிருந்து வந்து இறங்குகிறது. அப்புறம் எந்த நம்பிக்கையில் உளுந்துப் பரப்பைக் கூட்டுவார்கள்?

சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1965இல், அதிக விளைச்சல் தரும் புது விதையோடு, ஆதார விலையைப் பரிந்துரைக்கும் விலைக் குழுவும் தானியத்தை வாங்கிச் சேமிக்கும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான். 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71இல் ஏறக்குறைய இரட்டிப்பானது. வாங்க ஆள் இருந்தால் தொழில் வளரும் என்பதற்குப் பாலும் சாட்சி. பாலுக்கு ஆதார விலையே கிடையாது. ஆனாலும் காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றலாம். பல ஆண்டுகளாகக் கால்நடைத் துறை பயிர்த் துறையைவிட வேகமாக வளர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

யூரியா கதை வேறு. 2010இல் மற்ற உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு யூரியாவை மட்டும் மலிவாகவே வைத்தார்கள். விவசாயி யூரியாவையே அள்ளிப் போட்டார், மண்தான் கெட்டது. இலவச மின்சாரம் சிறு விவசாயியைக் காப்பாற்றுகிறது, சரி, ஆனால் நிலத்தடி நீரை அது கூட்டாது.

சந்தையிடம் விட்ட மாநிலமும் இருக்கிறது. விளைபொருள் விற்பனையை அரசு மேற்பார்வையில் வைத்திருந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சட்டத்தை பீகார் 2006இல் ரத்து செய்தது. ஆதார விலைக்குக் கீழே வியாபாரியிடம் நெல்லைக் கொடுப்பது அங்கே சர்வ சாதாரணம்.

ஆகவே கொள்முதலை நிறுத்தச் சொல்லாதீர்கள். நெல்லை எடுக்கிற அதே ஒழுங்கோடு உளுந்தையும் உங்கள் ஊரிலேயே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.