அத்தப்பூக்கோலம் தந்த ஆறுதல்

கேள்வி: கணவர் மறைந்தபின் பொள்ளாச்சியை விட்டு, பாலக்காட்டில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மலையாளம் புரிகிறது, பேச நா எழுவதில்லை. இந்த ஓணத்துக்குத் தெருப் பெண்கள் என்னையும் அத்தப்பூக்கோலம் போட அழைத்தார்கள். அந்தப் பத்து நாளும் மனம் லேசாக இருந்தது. இப்போது மீண்டும் பழைய பாரம். அது வெறும் மயக்கந்தானா? எனக்குக் கலைத்திறன் கிடையாது.
– வாசகி, பாலக்காடு

பதில்: மயக்கம் இல்லை, அம்மா. பூ ஆய்ந்துகொண்டும், சுண்ணாம்புக் கோட்டுக்குள் இதழ்களை நிரப்பிக்கொண்டும் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது, எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு தானாக வருகிறது. சொல் தடுமாறினாலும் கை நிற்பதில்லை என்பதால் மொழிக்கூச்சமும் தளர்கிறது. திறனைப் பற்றிய கவலையையும் விடுங்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமள் குழுவினர் 39 பேரை 45 நிமிடங்கள் கலைப்பொருள்களோடு ஈடுபடச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்பயிற்சி இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாக நான் கொள்ளவில்லை. எனினும் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட அறிக்கையும், கலை ஈடுபாடு உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைபுரிவதாகவே சொல்கிறது.

பாரம் திரும்பி வந்ததற்குக் காரணம், எல்லாரும் கூடி அமர்வது நின்றுபோனது என்றே நினைக்கிறேன். அடுத்த ஓணம் வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் உங்களுக்குப் பூக்கோலம் கற்றுத் தந்தார்கள். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போட நீங்கள் அவர்களுக்குக் கற்றுத் தரலாமே. மகன் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக எல்லாவற்றையும் பெற்றுக்கொள்பவராகவே இருக்கும் உங்களுக்கு, கொடுப்பதற்கும் தம்மிடம் ஒன்று உண்டு என்ற உணர்வு மிகவும் தேவை. போட்டி, பரிசு என்று எவரேனும் தொடங்கினால் அன்போடு மறுத்துவிடுங்கள். புதிதாக வருபவரை அது முதல் நாளே விரட்டிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உறக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கோலம் போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். அதுவரை, வாரத்தில் ஒரு மாலையைக் குறித்துவைத்து, உங்கள் வாசலுக்கே அவர்களை வரச் சொல்லுங்கள்.