கேட்டைக்குச் சிவப்பு நூல்

கேள்வி: அக்கா, தையல், கொம்பியூட்டர், வானம் பார்க்கிறது மூன்றிலும் எனக்கு ஆசை. ஒன்றையாவது விடு என்கிறா அம்மா. எதை விட?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஒன்றையும் விடாதேங்கோ, தங்கச்சி. நான் மூன்றையும் ஒரே துணியில் வைத்திருக்கிறேன்.

ஆனி மாத இரவில் எட்டு மணிபோல் கடற்கரைக்குப் போங்கோ. தென்கிழக்கே கடலுக்கு மேல் விருச்சிகம் கொக்கிபோல் வளைந்து நிற்கும். நடுவில் சிவப்பாய் மினுங்குவது கேட்டை. வால் பக்கம் மூலம். போன் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கோ. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேணும்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் திருகோணமலையையும் அதே நேரத்தையும் போட்டால் அதே வானம் திரையில் வரும். அதைக் கட்டத்தாளில் பிரதி எடுத்து, அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் தைக்கலாம். ஆறிழை நூலைப் பிரித்து, மங்கல் நட்சத்திரத்துக்கு ஓரிழை, கேட்டைக்கு மூன்றிழைச் சிவப்பில் முடிச்சுத் தையல். அந்த முடிச்சை விரலால் தடவும்போது வரும் சந்தோசம் பெரிது!

பிறகு கேட்டையை எரியவும் வைக்கலாம். சிறிய எல்ஈடி, 3 வோல்ட் பட்டன் பற்றரி, மின்சாரம் கடத்தும் உருக்கு நூல் போதும். பற்றரியின் நேர், எதிர் முனைகளிலிருந்து வரும் நூல்கள் துணிக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடவே கூடாது. எனக்கு ஒருமுறை தொட்டுப் பற்றரி சுட்டது. இரண்டு கிழமை வேலையைப் பிரித்தேன். கழுவும்போது பற்றரியைக் கழற்றுங்கோ.

முதல் துணியை அம்மாவுக்கே குடுங்கோ.