வழிகாட்டியை ஏன் கழற்றிவிடப் பார்க்கிறீர்கள்?

கேள்வி: மே விடுமுறையில் குடும்பத்தோடு பூட்டான் போகத் திட்டம். நான், மனைவி, மச்சான், 68 வயது அம்மா, 9 வயது மகள், 4 வயது மகன். தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அந்த அரசுக்குக் கட்ட வேண்டுமாம். போதாததற்கு வழிகாட்டியும் கட்டாயமாம். இது பணம் பிடுங்குவதுதானே? ‘உள்ளே போய்விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள், டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிவிடலாம்’ என்கிறார் மச்சான். மேற்கு வங்கத்தில் உள்ள பாக்டோக்ரா வரை விமானம், பிறகு கார். நாலு நாளில் பாரோ, திம்பு, புனாகா, புலிக்கூடு மடம் (டைகர்ஸ் நெஸ்ட்) எல்லாம் பார்த்துவிட முடியுமா?
— வாசகர், சேலம்

பதில்: பிடுங்குவது என்று சொல்லாதீர்கள். பெரியவர்கள் நாலு பேருக்கு இரவுக்கு 4,800 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி என்பதால் மகளுக்கு 600. மகனுக்கு எதுவும் இல்லை. ஆக 5,400. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் அதே இரவுக்குத் தலைக்கு 100 டாலர் கட்டுகிறார். நமக்கு 2020 ஜூலை வரை இந்தக் கட்டணமே கிடையாது. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. மக்களுக்கு மருத்துவமும் பள்ளிப் படிப்பும் இலவசம். நிலத்தில் 60 சதவீதமாவது என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டைக் காப்பேன் என்று உறுதியாக நிற்கும் நாடு, வருகிற விருந்தாளியிடம் ஒரு தொகை கேட்பதில் என்ன தவறு?

அடுத்து மச்சானின் யோசனை. பாரோ, திம்பு ஊர்களுக்குள் நீங்களாகவே நடக்கலாம், கடைகளுக்குப் போகலாம். அவற்றைத் தாண்டினால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும். திம்புவிலிருந்து புனாகா போகும் வழியில் ஹொங்ட்சோவில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே அனுமதித் தாள்களைப் பார்ப்பார்கள். அம்மாவையும் குழந்தைகளையும் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே பொய் சொல்லப் போகிறீர்களா?

அந்தச் சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டோச்சு லா கணவாய். அங்கே 108 ஸ்தூபிகள் நிற்கின்றன. அசாம் தீவிரவாதிகளின் முகாம்களை 2003 டிசம்பரில் தங்கள் காட்டிலிருந்து அப்புறப்படுத்திய சண்டையில் உயிர்விட்ட பூட்டான் வீரர்களின் நினைவாகக் கட்டியவை. நம் நாட்டுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் உயிர்விட்டார்கள். 2019இல் இந்தியாவிலிருந்து பைக்கில் போன ஒருவர் அதில் ஒன்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இது என்ன இடம் என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் ஏறியிருக்க மாட்டார். வழிகாட்டி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ட்சோங் என்னும் கோட்டைக்குள் நுழையும் முன் உங்கள் வழிகாட்டி மடித்து வைத்திருந்த நீளமான வெள்ளைத் துண்டை உதறி, இடது தோளில் போட்டு வலது இடுப்புக்குக் கொண்டுவந்து மடிப்பைச் சரிசெய்வார். அவசரப்பட மாட்டார். கோட்டையின் ஒரு பகுதியில் மாவட்ட அலுவலகம், மறு பகுதியில் பிக்குகளின் மடம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை. உங்கள் மகள் ஏன் என்று கேட்பாள். பதில் சொல்ல அவர் இருப்பார்.

நாலு நாளில் எல்லாம் முடியாது. பாக்டோக்ராவில் இறங்கி எல்லை ஊரான ஜெய்கான் சேர நாலு மணி நேரம், மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பூட்டான் ஊரான புண்ட்சோலிங்கிலிருந்து திம்புவுக்கு வளைவும் ஏற்றமுமாக மறுபடி நாலைந்து மணி. திரும்பி வருவதற்கும் அதே கணக்கு. நாலு நாளும் சாலையிலேயே கழிந்துவிடும். உள்ளே ஆறு இரவு தங்குங்கள். முடியாதென்றால் இந்த வருஷம் போகாதீர்கள்.

புலிக்கூடு மடத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான். பாரோ ஊர் ஏறக்குறைய ஊட்டி உயரம், அதனால் பயமில்லை. மடம் இருப்பது 3,120 மீட்டரில், தொட்டபெட்டாவைவிட நானூறு, ஐந்நூறு மீட்டர் மேலே. ஏற இரண்டு மூன்று மணி நேரம். குதிரை பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிச் சாலை வரைதான், இறங்கும்போது அதுவும் கிடையாது. கண்ணெதிரே மடம் தெரியும் இடத்துக்கு வந்த பிறகு நூற்றுக்கணக்கான படிகள் அருவிப் பாலம் வரை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறுகின்றன. முழங்கால் வலி உள்ளவரை அழவைக்கும் இடம் அதுதான். அம்மாவையும் சின்னவனையும் அன்றைக்குப் பாரோவிலேயே கிச்சு லாகாங் கோயிலில் விட்டுவிடுங்கள். ஏழாம் நூற்றாண்டுக் கோயில், சமதரை, ஊர்ப் பெரியவர்கள் பிரார்த்தனை உருளைகளைச் சுற்றிக்கொண்டு வலம் வரும் இடம். மனைவியோ மச்சானோ கூட இருக்கட்டும். வழிகாட்டி ஒருவர்தான், அவர் மலை ஏறுகிறவர்களோடு போய்விடுவார். கீழே இருப்பவர்களுக்கு டிரைவர் துணைக்கு நிற்பாரா என்று முன்பணம் கட்டும் முன்பே ஏஜென்டிடம் கேளுங்கள்.

புனாகா அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். 1,200 மீட்டர்தான், குளிர் குறைவு. 1637இல் கட்டிய கோட்டை இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் நிற்கிறது. வாசலில் மட்டும் செங்குத்தான மரப்படி. கையைப் பிடித்து ஏற்றிவிடுங்கள்.

வண்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள். நீங்கள் ஆறு பேர், வழிகாட்டியும் டிரைவரும் சேர்த்து எட்டுப் பேர், பெட்டிகள் வேறு. சின்னக் கார் போதும் என்று சொல்கிற ஏஜென்ட் வழிகாட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். ஹையேஸ் மாதிரி வேன் கேளுங்கள்.

கடைசியாக, எல்லையில் ஆதார் செல்லாது. பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். பாஸ்போர்ட் என்றால் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இவற்றை எடுத்து வைக்கும் பொறுப்பை மச்சானிடம் கொடுங்கள்.