ஷட்டர் போட்ட பழைய டிவி: ஓடவைக்கலாமா, வாங்கலாமா?

கேள்வி: தாத்தா 1978 வாக்கில் வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி எங்களிடம் இருக்கிறது. நான்கு கால், மர கேபினட், பக்கவாட்டில் இழுத்து மூடுகிற ஷட்டர், பூட்டு எல்லாம் உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. ஒரு மெக்கானிக், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்இடி டிவி பொருத்தித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், "ப்ளக்கைச் சொருகிப் பார்ப்போம், ஓடினாலும் ஓடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். முக்கியமாக இரண்டாமவர் பேச்சை.

இத்தனை வருஷம் மின்சாரமே பாயாத செட்டில் முதலில் கெட்டிருப்பது பெரும்பாலும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள்தான். பவர் பகுதியில் இருக்கும் பெரிய கண்டன்சருக்குள் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. சும்மா கிடக்கக் கிடக்க அது நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் கண்டன்சர் சூடாகி வெடிக்கலாம். போகும்போது நல்ல நிலையில் இருந்த மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். விவரம் தெரிந்தவர் முதலில் பின்பலகையைக் கழற்றித் தூசியை ஊதி, சந்தேகமான கண்டன்சர்களை மாற்றுவார். அதற்குப் பிறகே மின்சாரம் கொடுப்பார், அதையும் சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், அதாவது மின்சாரம் ஒரு பல்பைத் தாண்டியே செட்டுக்குள் போகும்படி. 100 வாட் குண்டு பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். சட்டென்று எரிந்து மங்கினால் மேற்கொண்டு போகலாம். சீரிஸ் லேம்ப் என்றால் என்ன என்று கேட்கிற மெக்கானிக்கிடம் இந்த செட்டைக் கொடுக்காதீர்கள்.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதையொட்டி வந்த செட்டுகள் பலவற்றில் டிரான்சிஸ்டரும் வால்வும் கலந்தே இருக்கும். பி.எல். 504, பி.ஒய். 88 என்று கண்ணாடிக் குழாய்கள் தெரிந்தால் உங்களுடையதும் அந்த ரகம். அவற்றின் ஃபிலமென்ட்டுகள் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஒன்று போனால் ஒன்றுகூட எரியாது. பார்த்தால் செட்டே செத்துவிட்டது போலிருக்கும், மாற்ற வேண்டியதோ ஒரே ஒரு வால்வாக இருக்கும். வால்வின் உள்பக்கம் பூசிய வெள்ளிக் கறை பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது இனி உதவாது.

ஒரு எச்சரிக்கை. இந்த ரகத்தில் பெரும்பாலும் சேசிஸே, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தகடே, நேரடியாக மெயின்ஸில் (வீட்டு மின்சாரத்தில்) இணைந்திருக்கும். ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் உள்ளிருக்கும் தகடு முழுக்க ஷாக் அடிக்கும். குமிழ்களை பிளாஸ்டிக்கில் செய்தது அழகுக்காக மட்டும் இல்லை. குமிழ் உடைந்தால் உள்ளே இருக்கும் கம்பியைக் குறட்டால் திருகி சேனல் மாற்றுவது அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்ததுதான், எங்கள் வீட்டிலும் நடந்தது. இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. பிக்சர் ட்யூப்புக்குப் போகும் வோல்டேஜ் பத்தாயிரத்துக்கு மேல், ஸ்விட்சை அணைத்த பிறகும் ட்யூப்பில் சார்ஜ் தங்கியிருக்கும். ஆகவே பின்பலகையை நீங்களே கழற்ற வேண்டாம்.

அப்புறம், செட் ஓடினாலும் ஆன்டெனாவில் படம் வராது. பழைய அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2022க்குள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டது. செட்டாப் பாக்ஸின் ஏவி (படம், சத்தம்) வெளியீட்டை, அதை டிவி சேனலாக மாற்றித் தரும் மாடுலேட்டர் என்ற பெட்டி வழியாக ஆன்டெனா துளைக்குக் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன மாடுலேட்டர்கள் பலவும் யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைச் சேனலில்தான் வேலை செய்யும், உங்கள் செட்டின் ட்யூனருக்கோ அதற்குக் கீழான விஎச்எஃப் மட்டுமே தெரிந்திருக்கும். "விஎச்எஃப், பால்-பி" (PAL-B, நம் பழைய டிவி ஒளிபரப்பு முறை) என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் ஆபரேட்டர்கள் கழித்துவிட்ட மாடுலேட்டர் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அகப்படலாம். வயரைப் பிடித்து ஏவியை நேராக சேசிஸுக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம், மெயின்ஸ் உங்கள் செட்டாப் பாக்ஸ் வரைக்கும் வந்துவிடும்.

எல்இடி பொருத்துவது? பிக்சர் ட்யூப் செத்திருந்தால் அதுவும் ஒரு வழிதான், குறை சொல்ல மாட்டேன். ட்யூப் நன்றாக இருக்கும்போது அதைச் செய்தால், பழைய சாமான் என்று உங்களிடம் மிஞ்சுவது மரப்பெட்டி மட்டும்தான். அதனால் முதல் செலவு ட்யூப்பைச் சோதிப்பதற்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: இணையத்தில் ஒருவர் 80களின் ஷட்டர் டிவி விற்கிறார். வீடியோவில் திரை முழுக்கப் புள்ளிகள்தான் ஓடுகின்றன. "ஒர்க்கிங் கண்டிஷன்" என்கிறார். நம்பலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஈ மொய்க்கிற மாதிரி புள்ளிகள் திரை முழுக்கத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். பிக்சர் ட்யூப், ஹை வோல்டேஜ், படத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் விரிக்கிற பகுதிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நடுவில் படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு என்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதி போயிருக்கிறது. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சத்தம் மட்டும் வந்து திரை இருட்டாக இருந்தால் யோசியுங்கள். ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் போயிருந்தால் அதே மாடலுக்கு மாற்று தேடியே அலுத்துவிடுவீர்கள்.

நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஆள் வியாபாரி இல்லை, வீட்டுச் சாமானை விற்கிறவர் என்றால் நுகர்வோர் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. பார்சலிலும் போடாதீர்கள், சொந்தமாக வண்டி கொண்டு போய் எடுத்து வாருங்கள். ட்யூப்பின் கழுத்து மெல்லிய கண்ணாடி, ஒரு தட்டு போதும்.

(உங்கள் கடற்கரைப் பக்கம் 1982க்குப் பிறகு பல வீட்டு ஆன்டெனாக்கள் இலங்கையைப் பார்த்துத்தான் திரும்பி நின்றன, ரூபவாஹினிக்காக. நீங்கள் வாங்கப் போகிற பெட்டியும் அதில் ஒன்றோ என்னவோ.)

கேள்வி: கேபினட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? ஷட்டரும் சிக்குகிறது, சாவியும் இல்லை.
- வாசகர், வேலூர்

பதில்: உப்புத்தாளை எடுத்து உள்ளே வையுங்கள். மேலே தெரிகிற தேக்கு முழு மரம் இல்லை. பெரும்பாலும் பிளைவுட் மேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு, விசிட்டிங் கார்டு கனம்தான். நாலு தேய்ப்பில் அடியில் இருக்கும் பலகை பல்லிளிக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள், பாதிப் பழமை அழுக்குதான். பிறகு மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், அதன் மேலேயே ஆசாரி புது பாலிஷ் ஏற்றிவிடுவார். வெனீர் தூக்கியிருக்கும் இடத்தில் ஊசி சிரிஞ்சில் பசை விட்டு, மேலே கட்டையை வைத்து இறுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் சேசிஸும் ட்யூப்பும் வெளியே வந்த பிறகுதான்.

ஷட்டர் என்பது மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாகத் துணியில் ஒட்டியது. சிக்குவது பெரும்பாலும் அந்தத் துணி கிழிந்து பட்டிகள் கோணிக்கொள்வதால். புதுக் கேன்வாஸ் துணியில் ஒட்டவைத்து, ஓடும் பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். பூட்டை நெம்பாதீர்கள். உள்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பூட்டோடு சாவிக்காரரிடம் கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் புதுச் சாவி ராவிக் கொடுத்துவிடுவார்.