பால்கனியை ஹாலோடு சேர்க்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்குகிறோம். பிரோஷரில் ஊஞ்சல் போட்டுக் காட்டிய பால்கனி 10 அடி நீளம், 5 அடி அகலம். கட்டியிருப்பது 3¼ அடி அகலம்தான். வாஷிங் மெஷினை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. கேட்டால் 'கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) குறையலையே' என்கிறார்கள். சேல்ஸ் மேனேஜர் என் மாமியார் முன்னாலேயே ஏளனமாகப் பேசினார். வேண்டுமானால் நடுச்சுவரை எடுத்து, கண்ணாடி ஜன்னல் போட்டு ஹாலோடு இலவசமாகச் சேர்த்துத் தருவார்களாம். அடுத்த வாரம் சாவி. கேஸ் போடலாமா?

பதில்: மேனேஜரையும் ஊஞ்சலையும் விடுங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் பிளானில் உங்கள் பால்கனி எத்தனை அடி? 5 என்றிருந்தால், உங்கள் சம்மதமில்லாமல் மாற்றியதற்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. பிளானிலேயே 3¼ என்றால், விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டதாக 12-ஆம் பிரிவில்தான் போக வேண்டும், அது இழுக்கும். கார்பெட் ஏரியாவில் பால்கனி சேராது என்பது நிஜம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய காஸ்ட் ஷீட்டில் சுவர், பொது இடங்களோடு பால்கனியையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்குக்கு அல்லவா பணம் வாங்கியிருக்கிறார்கள்!

எனக்குப் பயம் அந்த 'இலவச' ஜன்னல் மேல்தான். இப்படிச் சேர்த்துக்கொண்ட ஒருவர் ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தார். அளந்து காட்டப் பால்கனியே இல்லை. 'என் விருப்பப்படி மாற்றித் தரவும்' என்று அவரே கையெழுத்திட்ட தாளை எதிர்த்தரப்பு நீட்டியது. வாடிக்கையாளர் கேட்டுச் செய்யும் சின்ன மாற்றத்தை அதே 14-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்றார்கள். போதாததற்கு, பிளானை மீறிய கட்டுமானம் என்று அசோசியேஷனிலிருந்து இவருக்கே நோட்டீஸ். பில்டர் செய்த தவறு இவர் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று, சாவியோடு நீட்டும் ஹேண்டோவர் கடிதம். அதில் 'அளவுகள் சரிபார்த்து முழுத் திருப்தி' என்ற வரி நிச்சயம் இருக்கும். அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு முன் ஒரு இன்ஜினியரை வைத்து அளந்து, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து, மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

கேஸா? குறைவது 17.5 சதுர அடி. உங்கள் ரேட் 6,200 ரூபாய், மொத்தம் 1,08,500. இதற்காக ரெரா ஆணையத்துக்கும் அப்பீலுக்கும் அலைவதில் எனக்கு ஃபீஸ் வரும், உங்களுக்கு அகலம் வராது. கடைசித் தவணை இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? நீங்களாகப் பிடித்துக்கொண்டால் வட்டி கேட்பார்கள். கழித்துத் தருவதாக லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு லட்சத்துக்குச் சம்மதித்தாலும் வாங்கிக்கொண்டு குடிபோய்விடுங்கள்.